வெண்டிலேட்டர், மூளைச்சாவு, கடைசி முடிவு: ஐசியு வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபத்திரண்டு வருடமாக தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் வேலை பார்த்தாயிற்று. உள்ளே நடந்ததைவிட, கதவுக்கு வெளியே நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள் கேட்ட கேள்விகள்தான் மனதில் அதிகம் தங்கியிருக்கின்றன. "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்று ஆரம்பிப்பார்கள். நடுராத்திரியில் நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதுகிறேன். உங்கள் நோயாளிக்கு என்ன என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

வெண்டிலேட்டர் போட்டால் குணமாகிவிடுமா?

வெண்டிலேட்டர் எந்த நோயையும் குணப்படுத்தாது. நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளும், வெளியே விடும், அவ்வளவுதான். நோய்க்கு மருந்து வேறு. மருந்து வேலை செய்யும்வரை, அல்லது உடம்பு தானாகத் தேறும்வரை, மூச்சு நின்றுவிடாமல் அது பார்த்துக்கொள்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு பாம்புக்கடி. கரும்பு வெட்ட வந்த இடத்தில் தரையில் படுத்துத் தூங்கிய பையன். கட்டுவிரியன் கடித்தால் பெரிய வலி இருக்காது, பல்பட்ட தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருக்கிறான், இமை தொங்கியிருக்கிறது, எங்களிடம் வரும்போது மூச்சே இல்லை. டியூப் போட்டு வெண்டிலேட்டரில் இணைத்தோம். விஷமுறிவு மருந்தும் போனது. இரண்டு நாள் கட்டையாகக் கிடந்தான். டார்ச் அடித்தால் கண்பாப்பா சுருங்கவில்லை. அவன் அம்மா வெளியே கிட்டத்தட்ட ஒப்பாரி வைத்துவிட்டார். மூன்றாம் நாள் கால் கட்டைவிரல் அசைந்தது. ஒரு வாரத்தில் டியூபை எடுத்தோம். தொண்டை கரகரக்க அவன் சொன்ன முதல் வார்த்தை, "எல்லாம் கேட்டுச்சு சிஸ்டர்."

அன்றிலிருந்து எந்த நோயாளியின் தலைமாட்டிலும் நின்று "இது தேறாது" என்று நான் பேசுவதில்லை. நீங்களும் பேசாதீர்கள். உள்ளே விட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், மழை பெய்தது, பேரனுக்குப் பரீட்சை முடிந்தது என்று வழக்கமாகப் பேசுவதைப் பேசுங்கள்.

இந்தக் கருவி எப்போது வந்தது?

1928-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் 'இரும்பு நுரையீரல்' வந்தது. நோயாளியின் தலை மட்டும் வெளியே தெரியும், உடம்பு முழுக்க ஒரு உருளைக்குள் இருக்கும். இளம்பிள்ளைவாதத்தால் மூச்சுத்தசை செயலிழந்த குழந்தைகளுக்கு அதுதான் கதி.

1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் அந்த நோய் கடுமையாகப் பரவியபோது அங்கிருந்த கருவிகள் போதவில்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி நேராக நுரையீரலுக்குள் காற்றை அனுப்பலாம் என்று ஒரு 12 வயதுச் சிறுமிக்குச் செய்து காட்டினார். பையை அழுத்த ஆள் வேண்டுமே? சுமார் 1500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாக, மாதக்கணக்கில் குழந்தைகளின் பக்கத்தில் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்று நாம் ஐசியு என்று சொல்லும் இடம் அந்த வார்டிலிருந்துதான் பிறந்தது. இயந்திரம் பின்னால் வந்து அந்த மாணவர்களின் கைக்கு ஓய்வு கொடுத்தது. முதலில் இருந்தது பக்கத்தில் உட்கார ஒரு ஆள். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத்தான் முதல் நாள் சொல்வேன்.

"வெண்டிலேட்டரில் போட்டால் திரும்ப மாட்டார்கள்" என்கிறார்களே?

யாருக்கு, எதற்காகப் போட்டார்கள் என்பதுதான் கேள்வி. பாம்புக்கடி, பூச்சிமருந்து, பெரிய அறுவை சிகிச்சை, திடீரென்று வந்த நிமோனியா: இவற்றில் நிறையப் பேர் நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வருடக்கணக்காக நுரையீரல் கெட்டு, சிறுநீரகமும் போய், புற்றுநோய் பரவிய நிலையில் போட்டால் நிலைமை வேறு. கடைசிக் கட்டத்தில் போட்டும் பிழைக்காதவர்களைப் பார்த்துவிட்டு, கருவிதான் கொன்றது என்று ஊர் நினைத்துக்கொள்கிறது.

அதற்காக, கருவியால் கெடுதலே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நிறையக் காற்று கொடுத்தால் நல்லது என்று ஒரு காலம்வரை எல்லோரும் நம்பினார்கள். 2000-ஆம் ஆண்டு வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு அதை மாற்றிவிட்டது. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 861 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஒரு மூச்சுக்கு கிலோவுக்கு 12 மில்லி காற்று, இன்னொரு பிரிவினருக்கு அதில் பாதி, 6 மில்லி என்று கொடுத்தார்கள். அதிகம் வாங்கியவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். குறைவாக வாங்கியவர்களில் 31 சதவீதம். நல்லது என்று நினைத்துத் தள்ளிய காற்றே நுரையீரலைக் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கணக்கில் வரும் கிலோ கூட தராசில் காட்டும் எடை இல்லை, உயரத்தை வைத்துக் கணக்கிடுவது. அதனால்தான் மயங்கிக் கிடப்பவரை நாங்கள் டேப் வைத்து அளக்கிறோம். பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அப்பாவின் கையை ஏன் கட்டி வைத்திருக்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். தொண்டைக்குள் குழாய் இருந்தால் பிடுங்கத்தான் தோன்றும். மயக்க மருந்தைக் குறைத்து எழுப்பும்போது பாதித் தூக்கத்தில் கை நேராகக் குழாய்க்குத்தான் போகும். பிடுங்கிவிட்டால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. அதனால் துணியால் கட்டுகிறோம்.

ஆனால் ஒரு செவிலியர் பக்கத்திலேயே இருக்க முடிந்தால் பாதிப் பேருக்குக் கட்டவே தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வெண்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது நியாயமான அளவு. மூன்று, நான்கு பேரை ஒருத்தியாகப் பார்த்த இரவுகள் எனக்கு ஏராளம். ஒரு பக்கம் சளி உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது இன்னொரு பக்கம் அலாரம் அடிக்கும். பல அலாரம் ஒயர் நகர்ந்ததால் வருவது. நாள் முழுக்கக் கேட்டால் காது மரத்துப்போகும், அந்த நேரம் பார்த்து உண்மையான அலாரம் வரும். இதற்கு இன்னொரு மானிட்டர் வாங்கிப் பலனில்லை, ஆள் வேண்டும்.

கட்டைத் தளர்த்தி, கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில் இருக்கலாமா என்று நீங்களே கேட்கலாம். நல்ல மருத்துவமனை மறுக்காது.

விரலில் மாட்டும் கிளிப்பில் எண் குறைந்தால் பயப்பட வேண்டுமா?

அது பல்ஸ் ஆக்ஸிமீட்டர். 1970-களில் ஜப்பானைச் சேர்ந்த தக்குவோ அயோயாகி கண்டுபிடித்த முறை. ஊசி குத்தாமல், விரல் வழியாக ஒளியைச் செலுத்தி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று சொல்லிவிடும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினோமே, அதேதான். கை சில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும், நடுங்கினாலும் எண் தவறும். எண்ணைவிட முதலில் ஆளைப் பாருங்கள்.

இதில் நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கிளிப் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் ரத்தத்தை எடுத்து நேரடியாகச் சோதித்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2020-இல் வந்தது. உண்மையில் 88-க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளை இன நோயாளிகளில் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம். கருத்த தோலில் கருவி அளவைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. எந்தத் தோலை வைத்துக் கருவியைச் சோதித்தார்கள் என்பது மருத்துவக் கேள்வி மட்டும் இல்லை, நியாயத்தின் கேள்வியும்கூட. கருத்த நோயாளி மூச்சுக்குத் திணறுகிறார், கிளிப் 94 காட்டுகிறது என்றால் "ஏபிஜி எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். மணிக்கட்டில் தமனி ரத்தம் எடுத்துச் செய்யும் சோதனை அது. நான் கேட்பேன்.

நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சுடுகிறது, இதயம் துடிக்கிறது. எப்படி இறந்துவிட்டார் என்கிறீர்கள்?

எல்லாக் கேள்வியிலும் கடினமானது இது. கேட்பவர் பெரும்பாலும் அம்மாவாக இருப்பார். மகன் பைக்கில் போயிருப்பான், ஹெல்மெட் போட்டிருக்க மாட்டான்.

அந்தக் காலத்தில் சாவு ஒரே வரிசையில் வந்தது. மூச்சு நிற்கும், இதயம் நிற்கும், மூளை சாகும். எதில் தொடங்கினாலும் சில நிமிடங்களில் மூன்றும் முடிந்துவிடும். வெண்டிலேட்டர் அந்த வரிசையைக் கலைத்துவிட்டது. மூளைத்தண்டு செத்தால் மூச்சு விடச் சொல்லும் கட்டளை நின்றுபோகும், ஆனால் கருவி காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இதயத்துக்குத் தன் துடிப்பைத் தானே உண்டாக்கும் திசு உண்டு, மூளையின் கட்டளை தேவையில்லை. ஆக்ஸிஜன் வந்துகொண்டிருக்கும்வரை அது துடிக்கும். அதனால் உடம்பு சூடாக இருக்கிறது. அந்தச் சூடு கருவி தருவது.

1959-இல் பாரிஸ் மருத்துவர்கள் இருவர் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதி, 'கோமாவைக் கடந்த நிலை' என்று பெயர் வைத்தார்கள். 1968-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு குழு ஒன்று இதை எப்படி உறுதிசெய்வது என்று வரையறுத்தது. இந்தியாவில் 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவைச் சாவு என்று ஏற்றுக்கொண்டது.

சோதனை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில், இது வேறெதுவும் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்: மயக்க மருந்து, உடல் குளிர்ச்சி, பூச்சிமருந்து, பாம்பு விஷம். மேலே சொன்ன கட்டுவிரியன் பையன் பார்வைக்கு மூளைச்சாவு போலத்தான் இருந்தான். அப்புறம் கண்ணில் வெளிச்சம். கருவிழியில் பஞ்சு நுனி. காதுக்குள் ஐஸ் தண்ணீர் ஊற்றி, விழி நகர்கிறதா என்று பார்ப்பார்கள். குழாய் வழியாக மூச்சுக்குழலைத் தொட்டு, இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியில் மூச்சுச் சோதனை: ஆக்ஸிஜனை மட்டும் உள்ளே விட்டு வெண்டிலேட்டரைக் கழற்றிவிடுவார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். உயிருள்ள மூளைத்தண்டுக்கு அதைவிடப் பெரிய தூண்டுதல் கிடையாது. எல்லோரும் அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்போம். எட்டு, பத்து நிமிடம். ஒரு அசைவு கூட வராது. இதையெல்லாம் குறைந்தது 6 மணி நேரம் கழித்து இரண்டாம் முறையும் செய்ய வேண்டும்.

"சோதனைக்குப் பிறகும் கை அசைந்ததே" என்று ஒரு அண்ணன் என்னிடம் சண்டைக்கு வந்தார். அசையும். தண்டுவடத்திலிருந்து வரும் அனிச்சை அசைவு அது, மூளை செத்தபிறகும் சில நேரம் வரும். முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது எங்கள் கடமை. சொல்லாதது எங்கள் தவறு.

கோமாவும் மூளைச்சாவும் ஒன்றுதானா?

இல்லை. கோமாவில் மூளைத்தண்டு உயிரோடு இருக்கும், சிலர் மீளக்கூடும். மீளாமலே வருடக்கணக்கில் இருப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் கேரன் ஆன் குயின்லன் என்ற இளம்பெண்ணின் வெண்டிலேட்டரை எடுக்கலாம் என்று 1976-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் பெற்றோருக்கு அனுமதி தந்தது. எடுத்தபிறகு அவர் தானே மூச்சுவிட்டு 1985 வரை இருந்தார். மூளைச்சாவு அடைந்தவர் அப்படி மூச்சுவிட முடியாது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

உறுப்புக்காக அவசரப்பட்டு மூளைச்சாவு என்று சொல்லிவிடுவார்களா?

இந்தச் சந்தேகம் வருவதில் தப்பே இல்லை. சென்னை வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று ஊரே சொன்ன காலம் ஒன்று இருந்தது. கடன்பட்ட ஏழைகள் சிறுநீரகத்தை விற்றார்கள். அந்த வியாபாரத்தைத் தடுக்கத்தான் 1994 சட்டமே வந்தது.

சட்டம் சொல்லும் பாதுகாப்பு இது: நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். மருத்துவமனைப் பொறுப்பாளர், அங்கீகரிக்கப்பட்ட ஒரு நிபுணர், நரம்பியல் மருத்துவர் அல்லது நரம்பியல் அறுவை மருத்துவர், நோயாளியைப் பார்த்துவந்த மருத்துவர். உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவில் இருப்பவர் இந்த நால்வரில் இருக்கக் கூடாது. தானத்துக்குச் சம்மதம் சொன்னபிறகு உறுப்பைக் காப்பாற்றவும் எடுக்கவும் ஆகும் செலவைக் குடும்பத்திடம் வாங்கக் கூடாது. கொடுத்ததற்குப் பணம் தரவும் கூடாது. யாருக்குப் போகும் என்பதை மாநில ஆணையம் காத்திருப்போர் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யும்.

தமிழ்நாட்டில் இதன் போக்கை மாற்றியது ஒரு குடும்பம். 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அவன் இதயம் சென்னைப் போக்குவரத்தை நிறுத்தி ஆம்புலன்ஸில் போனது. ஊரெல்லாம் அதைப் பேசியது. அதற்குப் பிறகுதான் 'மூளைச்சாவு' என்ற சொல்லே டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. 2023 செப்டம்பரிலிருந்து, உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு நடக்கிறது. எரிக்கக் கட்டையில்லாத வீட்டு வாசலில் அதிகாரி வந்து மாலை வைப்பதைப் பார்த்தேன். அந்த அப்பா நிமிர்ந்து நின்றார்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மூளைச்சாவு என்று சொன்ன வாயோடு யாராவது தானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "எங்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். முதலில் சாவு மனதில் இறங்கட்டும். சம்மதமோ மறுப்போ, இரண்டுக்கும் உங்களுக்கு உரிமை உண்டு.

தானம் வேண்டாம் என்றால் கருவியை எடுத்துவிடுவார்களா?

இங்கேதான் குழப்பம். மூளைச்சாவு பற்றிய வரையறை உறுப்பு மாற்றுச் சட்டத்தில் இருக்கிறது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் மூளை என்ற பேச்சே இல்லை. அதனால் குடும்பம் தானத்தை மறுத்துவிட்டால், பல மருத்துவர்கள் கருவியை எடுக்கத் தயங்கி, இதயம் தானாக நிற்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே சாவுக்கு இரண்டு விதமான முடிவு. கேரளா 2020-இல், தானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூளைச்சாவை அறிவிக்க வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது. நாடு முழுக்க அப்படி ஒரு தெளிவு வர வேண்டும் என்பது என் கருத்து.

மூளைச்சாவு இல்லை, ஆனால் தேற வழியும் இல்லை. வெண்டிலேட்டரை எடுத்தால் கொன்றதாகாதா?

இந்தக் கேள்வியை இவ்வளவு கனமாக்கியதில் நம் மொழிக்கும் பங்கு இருக்கிறது. 'கருணைக்கொலை' என்றுதான் பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்தச் சொல்லிலேயே கொலை உட்கார்ந்திருக்கிறது. எந்த மகன் கையெழுத்துப் போடுவான்? விஷ ஊசி போட்டு உயிரைப் போக்குவது வேறு, அது இந்தியாவில் குற்றம். பலன் தராத சிகிச்சையை நிறுத்தி, நோய் தன் வழியில் போக விட்டு, வலியை மட்டும் பார்த்துக்கொள்வது வேறு. சிகிச்சையை விலக்குதல் என்று சொன்னால் போதும்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973-இல் தாக்கப்பட்டு, 42 ஆண்டுகள் நினைவில்லாமல் கிடந்தார். அவர் வழக்கில் 2011-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவருக்குச் சிகிச்சையை நிறுத்த அனுமதி மறுத்தாலும், நிபந்தனையோடு அப்படி விலக்கலாம் என்ற வழியைத் திறந்தது. அவர் 2015-இல் நிமோனியாவால் இறந்தார். அத்தனை வருடமும் அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் அங்கிருந்த செவிலியர்கள். நிறுத்தக் கூடாது என்று நின்றவர்களும் அவர்களே. அவர்கள் தரப்பு எனக்குப் புரிகிறது, அவருடைய நிலையில் நானாக இருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்பதும் தெரிகிறது. இரண்டையும் என்னால் விட முடியவில்லை.

பிறகு 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சொன்னது. ஆனால் வகுத்த நடைமுறை யாரும் ஏற முடியாத படிக்கட்டாக இருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். இப்போதைய முறை: சிகிச்சை தரும் மருத்துவரும், குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்து முதல் குழு. மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவர் இருக்கும் இரண்டாம் குழு. ஒவ்வொரு குழுவும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். குடும்பத்தின் சம்மதம் வேண்டும். நிறைவேற்றும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும். நோயாளி முன்பே எதுவும் எழுதி வைக்காவிட்டாலும் இந்த வழி உண்டு. உங்கள் மருத்துவமனை "அப்படியெல்லாம் செய்ய முடியாது" என்றால், 2023 தீர்ப்பின்படி குழு அமைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

எனக்கு இப்படி ஆகக் கூடாது என்று இப்போதே எழுதி வைக்கலாமா?

வைக்கலாம். பதினெட்டு வயது நிரம்பி, தெளிந்த மனதோடு இருந்தால் போதும். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று எழுதி, உங்களுக்காக முடிவெடுக்க நம்பிக்கையான ஒருவரையோ, ஒருவருக்கு மேலாகவோ குறிப்பிட்டு, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் சரி. முன்பு மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருந்தது.

ஆனால் காகிதத்துக்கு முன்னால் பேச்சு. என் அம்மாவிடம் நான் கேட்டபோது, வெங்காயம் உரித்துக்கொண்டே, "டியூப் கியூப் எல்லாம் போட்டு என்னை மாட்டுக் கொட்டகையில கட்டின மாதிரி வைக்காதே" என்றார். அந்த ஒரு வாக்கியம் பின்னாளில் நாங்கள் நான்கு பிள்ளைகளும் அடித்துக்கொள்ளாமல் காப்பாற்றியது.

காசுக்காகத்தான் இழுத்து வைத்திருக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் "ஒருபோதும் இல்லை" என்று என்னால் எழுத முடியாது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையில், எண்பதைத் தாண்டிய ஒரு விவசாயி நாற்பது நாள் வெண்டிலேட்டரில் இருந்தார். தினமும் மாலை "கொஞ்சம் பெட்டர்" என்று சொல்லப்பட்டது. உண்மையில் சோடியம் பெட்டர், காய்ச்சல் பெட்டர். ஆள் பெட்டர் இல்லை. மகன்கள் கிணற்றோடு சேர்த்து இரண்டு ஏக்கரை விற்றார்கள். கடைசி மகன் என்னிடம் "தேறிடுவாரா சிஸ்டர்?" என்று கேட்டபோது "டாக்டரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். இன்றும் அந்தப் பதிலுக்காக வருந்துகிறேன்.

அதனால் "எப்படி இருக்கிறார்?" என்று கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: வெண்டிலேட்டரிலிருந்து வெளியே வருவார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வந்தால் எழுந்து உட்கார்வாரா, சாப்பிடுவாரா, எங்களைத் தெரியுமா? இன்னும் மூன்று நாள் பார்த்து எது மாறவில்லை என்றால் நீங்களே வேண்டாம் என்பீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதிலை ஒரு தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவுக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும்.

கருவி ஒன்று, நோயாளி இருவர். யாருக்கு?

2020 மார்ச்சில் இத்தாலியின் மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம், தேவைப்பட்டால் வயது வரம்பு வைக்க நேரிடலாம் என்று எழுதியது. உலகமே அதிர்ந்தது. நம் அரசு மருத்துவமனைகளில் கொரோனாவுக்கு முன்பும் அந்த முடிவைப் பல இரவுகளில் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவர் எடுத்திருக்கிறார், எழுதிவைத்த விதி எதுவும் இல்லாமல். யார் பிழைக்க அதிக வாய்ப்போ அவருக்கு என்பதை நான் ஏற்கிறேன். யாருக்கு ஆள் தெரியுமோ அவருக்கு என்பதை ஏற்கவே மாட்டேன். எம்.எல்.ஏ. வீட்டுப் போன் வந்ததும் படுக்கை மாறியதை ஒருமுறை பார்த்தேன்.

உயிர் வீட்டில்தான் போக வேண்டும் என்கிறார்கள். கொண்டுபோகலாமா?

நம் ஊரில் இது பெரிய ஆசை. வாசலில் போட்டு, வாயில் பால் ஊற்றி, எல்லோரும் சுற்றி நிற்க. பலர் மருத்துவ ஆலோசனையை மீறிப் போவதாகக் கையெழுத்துப் போட்டு, அவசரமாகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். வழியில் மூச்சுக்குத் தவித்து, வலி மருந்து ஒன்றும் இல்லாமல் இறக்கிறார்கள். அப்படிப் போகாதீர்கள். மேலே சொன்ன குழு முறைப்படி முடிவெடுத்து, மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் மருந்து எழுதி வாங்கி, கூட ஒரு செவிலியரோ மருத்துவரோ வருவாரா என்று கேட்டு, அப்புறம் கிளம்புங்கள். குழாய் இருக்கும்போது வாயில் பால் ஊற்ற வேண்டாம். குழாயை எடுத்தபிறகும் ஊற்றினால் நுரையீரலுக்குள்தான் போகும். பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் தொட்டு வையுங்கள், அதுவே பால் ஊற்றியதுதான்.

ஒரு பாட்டியை அப்படிக் கொண்டுபோனோம். எழுபது கிலோமீட்டர். ஆம்புலன்ஸில் இருந்த சின்ன வெண்டிலேட்டர் பாதி வழியில் நின்றுவிட்டது. கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை எடுத்து அழுத்த ஆரம்பித்தேன். மூன்று விநாடி, நான்கு விநாடிக்கு ஒருமுறை. கை வலித்தபோது பேத்தி, "நான் பண்ணட்டா?" என்றாள். கல்லூரி இரண்டாம் ஆண்டு. காட்டிக் கொடுத்தேன். ஊர் எல்லை வரும்வரை அவள்தான் அழுத்தினாள், பாட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மூச்சை வாய்விட்டு எண்ணிக்கொண்டே. நடுவீட்டில் பாயில் கிடத்தினோம். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைப் போட்டுவிட்டு, குழாயை எடுத்தேன். பாட்டி தானாக மூச்சுவிட்டார், மெதுவாக, தவிப்பில்லாமல். வெளியே யாரோ மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்கள், அந்த மணிச்சத்தம் கேட்டது. நாற்பது நிமிடம் கழித்து, பேத்திதான் முதலில் கவனித்தாள்.